வேருக்கு ஒரு கருப்புக் காகிதம்: கண்ணாடிக் குடுவையின் கதை

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு போன் கால்.

நாலு மாதம் முன்னால், ராத்திரி பதினோரு மணி இருக்கும். என்னோடு இன்ஜினியரிங் படித்த நண்பன் கூப்பிட்டான். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ், அவன் பயோடெக்னாலஜி. நான் கோடு எழுதப் போய்விட்டேன். அவன் ஒரு தாவர ஆய்வகத்தில் பிஎச்டி சேர்ந்து இப்போது நாலாவது வருஷம். இரண்டு வருஷமாக அவனுக்கு ஒரே வேலை. சின்னச் சின்னச் செடிகளைத் தெளிவான பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்ப்பான். வேர் எவ்வளவு நீளம், எத்தனை கிளை என்று படம் எடுத்து அளப்பான். அதைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தான். ரிவியூவரிடமிருந்து பதில் வந்திருந்தது. பாராட்டு எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி: வேர்கள் இருட்டில் இருந்தனவா?

"இல்லடா. தட்டு பூரா லைட்லதான் இருந்துச்சு. எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?" என்றான்.

எனக்கு அதன் கனம் உடனே புரியவில்லை. "சரி மச்சி, அதனால என்ன?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே பால்கனிப் பக்கம் பார்த்தேன். அங்கே ஒரு தண்ணீர் பாட்டிலில் நான் வைத்த புதினா இருந்தது. வேர் விடுவதைப் பார்க்க ஆசைப்பட்டு, வேண்டுமென்றே தெளிவான பாட்டிலாகப் பார்த்து எடுத்தேன். முதல் வாரம் வெள்ளை வெளேரென்று வேர் வந்தது, அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் பாட்டிலின் உள்சுவர் முழுக்க பச்சை வழுவழுப்பு, வேர் பழுப்பு, அடி இலை மஞ்சள். அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார்: "வேரை வெயில்ல காட்டினா செடி உருப்படுமாடா? ஒரு துணியையாவது சுத்தி வை." நான்தான் கேட்கவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்த விஷயம் ஓர் ஆய்வகத்தில் எப்படித் தவறிப்போகும்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனால், அது 1691 வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. வாங்க, அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

லண்டனில் ஜான் உட்வர்ட் என்று ஒரு மருத்துவர். செடியின் உடம்பு எதனால் ஆனது, தண்ணீராலா மண்ணாலா என்பது அந்தக் காலத்தின் பெரிய வழக்கு. தண்ணீரால்தான் என்று வான் ஹெல்மான்ட் முன்பே சொல்லியிருந்தார். உட்வர்ட் அதைச் சோதிக்க எடுத்துக்கொண்ட செடி எது தெரியுமா? ஒரு வகைப் புதினா! மண்ணே இல்லாமல், கண்ணாடிக் குப்பிகளில், வெறும் தண்ணீரில் 77 நாள் வளர்த்தார். அவர் எடையைக் கிரெயினில் சொல்கிறார். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். ஊற்று நீரில் நின்ற செடி 15 கிரெயின் கூடியது. மழைநீரில் நின்றது பதினேழரை. தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரில் நின்றது 26. தண்ணீரில் கலந்து வரும் மண்ணுக்குத்தான் பங்கு அதிகம் என்று முடிவு சொல்லி 1699ல் வெளியிட்டார்.

மண்ணில்லாமல் செடி வளர்த்துக் கணக்குப் போட்ட ஆரம்ப காலச் சோதனைகளில் இது முக்கியமானது. இதில் நமக்கு வேண்டியது பாத்திரம். மண்ணுக்குள் வேர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியில் தெரியும். அதோடு, வேர் பிறந்ததிலிருந்து பார்த்திராத வெளிச்சமும் கூடவே உள்ளே வரும்.

அந்த வெளிச்சம் என்ன செய்யும் என்பது முதலில் மாட்டியது இன்னொரு புதினாக்காரரிடம். ஜோசப் பிரீஸ்ட்லி. 1771ல் மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் புதினாத் தண்டு ஒன்றை வைத்து, சில நாளில் அந்தக் காற்றில் மறுபடி மெழுகுவர்த்தி எரிவதைக் காட்டியவர். 1778ல் அவர் தண்ணீர்க் குப்பிகளில் செடிகளை வைத்து, அவற்றிலிருந்து காற்றுக் குமிழ் வருவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் செடியை வெளியே எடுத்துவிட்டார். அப்புறமும் குமிழ் நிற்கவில்லை!

குமிழ் வந்தது கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு பச்சைப் படலத்திலிருந்து. அதற்கு அவர் வைத்த பெயரே 'பச்சைப் பொருள்'. அது செடியா, வேறு ஏதாவதா என்று அவரால் முதலில் தீர்மானிக்க முடியவில்லை. வெளிச்சத்தில் உருவாகிறது, இருட்டில் உருவாவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. பிறகுதான் அது பாசி என்று தெளிவானது. என் பாட்டிலில் இருந்ததும் அதேதான். 240 வருஷம் கழித்து அதே புதினா, அதே பச்சை!

இங்கே ஒரு நிமிஷம் நின்று, பாசி வந்தால் செடிக்கு என்ன நஷ்டம் என்று பார்த்துவிடுவோம். தண்ணீரில் போட்ட உரத்தில் அது பங்கு கேட்கும். பகலில் ஆக்சிஜன் விடும், ராத்திரி அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். செத்தால் அழுகும், அழுகலைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் மிச்ச ஆக்சிஜனையும் காலி செய்யும். வேர் மூச்சுவிட வேண்டிய தண்ணீரில் காற்று இருக்காது. 1779ல் யான் இங்கன்ஹவுஸ் இதன் இன்னொரு பாதியைச் சொன்னார்: வெயிலில் நல்ல காற்று விடுவது செடியின் பச்சைப் பாகங்கள் மட்டும்தான், வேர் எப்போதும் காற்றைக் கெடுக்கத்தான் செய்கிறது. இன்றைய பாஷையில் சொன்னால், வேர் ஆக்சிஜனை வாங்கும் பக்கம்.

அடுத்த பெரிய தாவல் ஜெர்மனியில். 1860ல் யூலியஸ் சாக்ஸ் என்ற இளம் தாவரவியலாளர், எந்த எந்த உப்பை எவ்வளவு கரைத்தால் செடி மண்ணே இல்லாமல் வளரும் என்று வெளியிட்டார். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் நைட்ரேட், பிறகு கால்சியம், மக்னீசியம், பாஸ்பேட் உப்புகள், துளியூண்டு இரும்பு. உட்வர்ட் 'மண்' என்று மொத்தமாகச் சொன்னது இங்கே தனித்தனிப் பெயர்களாகப் பிரிந்துவிட்டது. ஒரு உப்பை மட்டும் விட்டுவிட்டால் செடிக்கு என்ன ஆகும் என்று பார்க்கலாம். நம்ம ஊரில் ஒரு வேரியபிளை மட்டும் மாற்றி டெஸ்ட் ஓட்டுகிற மாதிரி.

இந்த முறை பரவியபோது, கூடவே ஒரு சின்னப் பழக்கமும் பரவியது. கண்ணாடி ஜாடியைச் சுற்றிக் கருப்புக் காகிதம் அல்லது அட்டையில் ஓர் உறை. பார்க்க வேண்டுமென்றால் உறையைக் கழற்று, பார், திரும்பப் போடு. பாசி வராமல் இருக்கவும், வேர் தன் இயல்பான இருட்டில் இருக்கவும். கண்ணாடி பார்ப்பதற்கு, உறை வேருக்கு. இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கருவி.

ஆனால் பாசியே இல்லாத சுத்தமான தண்ணீர் என்றால் உறை தேவையில்லையா? இந்தக் கேள்விக்கு வழிகாட்டியவர்கள் ஓர் அப்பாவும் பிள்ளையும். சார்லஸ் டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும் 1880ல் 'தி பவர் ஆஃப் மூவ்மென்ட் இன் பிளான்ட்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். அதில் வெள்ளைக் கடுகு வருகிறது. ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்தால், கடுகின் இளவேர் எதிர்ப்பக்கம் வளைகிறது. வேர் நுனியைச் சில்வர் நைட்ரேட்டால் பொசுக்கிவிட்டால் அந்த வளைவு பெரும்பாலும் இல்லை. அதாவது வெளிச்சத்தை உணர்வதில் நுனிக்கு ஒரு பங்கு இருக்கிறது. எல்லாச் செடியின் வேரும் இப்படி வளைவதில்லை. ஆனால் வளைகிற ஒன்றைப் பார்த்த பிறகு, வேருக்கு வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சாக்ஸுக்கும் டார்வினுக்கும் வேர் நுனி விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. வீட்டில் வைத்துச் செய்த சோதனை என்று சாக்ஸ் அதை மட்டமாகப் பேசினார். புவியீர்ப்பை உணர்வது வேர் நுனிதான் என்ற வாதத்தில் கடைசியில் டார்வின்கள் பக்கமே நியாயம் என்று ஆனது. அது தனி எபிசோட்.

மூன்றாவது காரணம் ரசாயனம். இது எனக்கே புதுசு. இரும்பு இல்லாமல் இலை பச்சையாகாது. ஆனால் உரக் கரைசலில் சாதாரண இரும்பு உப்பைப் போட்டால் சீக்கிரமே துருப் பொடியாக அடியில் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. 1951ல் ஜேக்கப்சன் என்பவர் ஒரு வழி வெளியிட்டார்: இரும்பை ஈடிடிஏ என்ற மூலக்கூறோடு கட்டிவிட்டால் அது கரைந்தபடியே இருக்கும். 1962ல் முராஷிகே, ஸ்கூக் இருவரும் புகையிலைத் திசுக்களை வளர்க்க உருவாக்கிய எம்எஸ் கரைசலிலும் இதே இரும்புதான். இன்று திசு வளர்ப்பு ஆய்வகங்களில் எம்எஸ் என்றால் நம்ம வீட்டில் இட்லி மாவு மாதிரி, எப்போதும் இருக்கும்.

1991ல் ஹேங்கார்ட்டர், ஸ்டாசினோபுலோஸ் என்ற இருவர் காட்டியது இது: வெளிச்சம் பட்டால் அந்த இரும்பு ஈடிடிஏ உடைகிறது. உடையும்போது ஃபார்மால்டிஹைட் உண்டாகிறது. ஆமாங்க, ஸ்கூல் லேபில் தவளையை ஊறவைத்திருப்பார்களே, அந்த ஃபார்மலினில் இருக்கும் அதே பொருள். அதனால் வேர் வளர்ச்சி குறைகிறது. நடுவில் ஒரு மஞ்சள் ஃபில்டரை வைத்து நீல ஒளியைத் தடுத்தால் இந்தச் சேதம் தடுக்கப்படுகிறது. அதாவது வேரே இல்லாவிட்டாலும், தட்டில் இருக்கும் சாப்பாடே வெளிச்சத்தில் கெடும்.

ஆக 1991லேயே மூன்றும் கையில் இருந்தன: பாசி, வேரின் உணர்வு, கரைசலின் ரசாயனம். அப்புறம் ஏன் என் நண்பனின் தட்டுகள் வெளிச்சத்தில் இருந்தன?

இங்கேதான் செடி மாறியது, பாத்திரமும் மாறியது. தாவர மரபியல் வேகம் பிடித்த 1980களிலும் 90களிலும் உலக ஆய்வகங்கள் அராபிடாப்சிஸ் என்ற குட்டிச் செடிக்கு மாறின. கடுகுக் குடும்பத்துச் செடிதான், டார்வினின் கடுகுக்குச் சொந்தம். 2000ல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட முதல் தாவரம். இதை ஜாடியில் வளர்க்க வேண்டியதில்லை. பெட்ரி தட்டில் அகார் கூழ் ஊற்றி, விதையை வரிசையாக வைத்து, தட்டைச் செங்குத்தாக நிறுத்திவிட்டால் போதும். வேர் கூழின் மேலேயே கீழ்நோக்கி ஓடும். ஸ்கேனரில் வைத்து அப்படியே அளக்கலாம். ஒரு அலமாரியில் நூற்றுக்கணக்கான செடி.

கிருமி நீக்கிய தட்டில் பாசியும் வராது. உறை போட்டதற்குக் கண்ணுக்குத் தெரிந்த காரணம் பாசிதான். பாசி போனதும் உறையும் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத மற்ற இரண்டு காரணங்களும் கவனிப்பாரில்லாமல் தட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன.

இதில் வேடிக்கை என்னவென்றால், விவசாயப் பக்கம் யாரும் மறக்கவில்லை. 1937ல் கலிஃபோர்னியாவின் கெரிக் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரை அச்சில் கொண்டுவந்த காலத்திலிருந்து, விற்பனைக்காக வளர்ப்பவர்கள் மூடிய தொட்டியும் ஒளி புகாத குழாயுமாகவே போனார்கள். அவர்களுக்கு வேரைப் பார்க்க வேண்டியதில்லை, தக்காளி வந்தால் போதும். வேரைப் பார்த்தே ஆக வேண்டியவர்களிடம்தான் வெளிச்சமும் நுழைந்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கணக்கு வந்தது. 2011ல் யோகாவா, பலுஷ்கா முதலானோர், அராபிடாப்சிஸ் வேரில் வெளிச்சம் பட்ட சில நொடிகளிலேயே செல்களைத் தாக்கக்கூடிய ஆக்சிஜன் வகைகள் குபுக்கென்று பெருகுவதைக் காட்டினார்கள். 2015ல் ஸ்பெயின் குழு ஒன்று 'டி-ரூட்' என்று ஒரு சாதனத்தை வெளியிட்டது. பெயர்தான் பெரிசு, அடிப்படையில் இலைக்கு வெளிச்சம், வேருக்கு இருட்டு கிடைக்கும்படி தட்டுக்கு ஒரு கருப்பு உறை. 1860களின் ஜாடி உறை, புது வடிவத்தில்! வெளிச்சத்தில் வளர்ந்த வேர் குட்டை. பக்கவேர் சீக்கிரம் வருகிறது. பூக்கும் காலம்கூட மாறுகிறது. உப்பு, ஹார்மோன், சத்துக் குறைவு எது கொடுத்தாலும், வெளிச்சத்தில் இருக்கும் வேர் கூடுதலாக ஒடுங்குகிறது.

2019ல் வந்தது இன்னும் அழுத்தமானது. பாஸ்பேட் குறைந்தால் அராபிடாப்சிஸின் முதன்மை வேர் வளர்வதை நிறுத்திக்கொள்ளும் என்பது பாடப்புத்தக அளவுக்கு நிலைபெற்ற விஷயம். அதற்கான மரபணுக்களைத் தேடிப் பல குழுக்கள் பல வருஷம் உழைத்தன. சீனக் குழு ஒன்று தட்டுக்குள் வேரை இருட்டில் வைத்துப் பார்த்தது. வேர் நிற்கவில்லை! பாஸ்பேட் பசியில் வேர் வெளிவிடும் மாலிக் அமிலம், அங்கே இருக்கும் இரும்பு, மேலே படும் நீல ஒளி, இந்த மூன்றும் சேர்ந்து நடத்தும் ரசாயனம்தான் வேரை நிறுத்துகிறது என்று அவர்கள் சொன்னார்கள்.

அந்த மரபணுக்கள் பொய்யில்லை. அவை செய்வதும் பொய்யில்லை. ஆனால் "மண்ணுக்குள் இருக்கும் வேரும் இப்படித்தான் செய்யுமா?" என்பதை மறுபடி கேட்டாக வேண்டும்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. புரோகிராமில் ஒரு பிழை. கண்டுபிடிக்க ஒரு லாக் வரி சேர்ப்போம். சேர்த்ததும் பிழை காணாமல் போகும். எடுத்தால் திரும்பி வரும். லாக் எழுத ஆகும் நேரமே நிரலின் ஓட்டத்தை மாற்றிவிட்டிருக்கும். இதை ஹைசன்பக் என்போம். பார்ப்பதற்காகச் சேர்த்த கருவியே பார்க்கப்படுவதை மாற்றுகிறது. இதில் யாரும் முட்டாள் இல்லை. எல்லாத் தட்டும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால், ஒப்பீடு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் தவறுதான் கண்ணில் படுவதே இல்லை.

அதற்காக, வெளிச்சம் எல்லா வேருக்கும் விஷம் என்று எடுத்துக்கொள்ளாதீங்க. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்களின் வேர் காற்றிலேயே வாழ்வது. பலவற்றில் பச்சையம் உண்டு. நர்சரியில் ஃபெலனாப்சிஸைத் தெளிவான தொட்டியில் விற்றால் பதற வேண்டாம். டீனியோஃபில்லம் என்ற ஆர்க்கிட் இனத்துக்கு இலையே கிடையாது என்று சொல்லலாம். ஒளிச்சேர்க்கை முழுக்க வேரில்தான். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்த இனம் உண்டு. மண்ணுக்குள்ளும் முழு இருட்டு என்று இல்லை. மேல்மண்ணில் சில மில்லிமீட்டர் வரை ஒளி இறங்கும். தண்டு வழியாகவே கொஞ்சம் வேருக்குக் கடத்தப்படுகிறது என்றும் 2016ல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது கசிவு. பெட்ரி தட்டு நடு வெயில்.

சரி, வீட்டில் பாட்டிலில் வளர்ப்பவர்களுக்கு. பாட்டிலைச் சுற்றி முதலில் கருப்புக் காகிதம், அதற்கு மேலே வெள்ளைக் காகிதமோ அலுமினியம் ஃபாயிலோ. வெறும் கருப்போடு விட்டால் நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் சூடாகிவிடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7தான். வாய்ப்பக்கம் செடியைச் சுற்றி இருக்கும் இடைவெளியையும் மூடுங்க, மேலிருந்து இறங்கும் வெளிச்சமும் வெளிச்சம்தான். தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு பக்கம் சின்னக் கதவு மாதிரி வெட்டி, பார்த்ததும் மூடிவிடுங்க.

என் நண்பன் என்ன செய்தான்? இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கருப்பு சார்ட் பேப்பர் வாங்கி வந்து தட்டுகளுக்கு உறை தைத்தான். இலை இருக்கும் மேல்பகுதி மட்டும் வெளியே. முக்கியமான சோதனைகளை மட்டும் மறுபடி ஓட்டினான். அவன் கட்டுரையில் இரண்டு முடிவுகள். ஒரு மரபணு கெட்டால் வேர் குட்டையாகிறது என்பது முதலாவது. இருட்டிலும் அது நின்றது. உப்பு கொடுத்தால் அந்தக் குட்டைத்தனம் பல மடங்காகிறது என்பது இரண்டாவது. இருட்டில் அந்த வித்தியாசம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. கட்டுரையின் தலைப்பில் இருந்ததே அந்த உப்புதான்.

தலைப்பை மாற்றி, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை. "வருத்தமா மச்சி?" என்று கேட்டேன். "இருந்துச்சு. ஆனா அந்தக் கேள்வியை அவர் கேக்காம விட்டிருந்தா, நான் ஒரு விளக்கைப் பத்தி பேப்பர் போட்டிருப்பேன்டா, செடியைப் பத்தி இல்ல," என்றான்.

என் புதினாவின் பழைய வேரை வெட்டிவிட்டு, பாட்டிலைத் தேய்த்துக் கழுவி, அம்மா கொடுத்த பழைய துணியைச் சுற்றி, மேலே வெள்ளைக் காகிதம் ஒட்டி வைத்தேன். வேர் இப்போது எப்படி இருக்கிறது என்று தினமும் பார்க்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதவைத் திறந்து ஒரு பார்வை. போன வாரம் அதில் துவையல் அரைத்தோம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.